இனிஷியல்

“சார், போஸ்டர்ல என் இனிஷியலை விரிச்சு அப்பா பேரை முழுசாப் போடணும். ஸ்கெட்ச் பேனா என்கிட்டயே இருக்கு.”

பேர் விஷயமாக ஆராய்ச்சிக் கைடு டாக்டர் சந்திரசேகரனிடம் வாயையே திறக்கக் கூடாது என்று சீனியர்கள் மோனிகாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பெங்களூர் மருத்துவ மாநாட்டு மண்டபத்தில், ஆராய்ச்சிப் போஸ்டர்களைச் சுற்றிக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது.

சந்திரசேகரன் சிரித்தார். “இது என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா? ‘ஏ. மோனிகா’ போதும்.”

“அப்ப நடுவுல இருக்கிற நுரையீரல் எக்ஸ்ரேக்குக் கீழ ‘பீடிப் பழக்கம் உண்டு’ன்னு இருக்கே, அதையாவது நீக்குங்க. நான் அப்படி எழுதித் தரலை.”

“நான்தான் சேர்த்தேன். கிரஷர்ல கல் உடைக்கிறவன் பீடி குடிக்காமயா இருப்பான்?”

“அவர் தொட்டதே இல்ல சார். கல்தூசிதான் அவரைக் கொன்னுச்சு.”

“ஆளே போயாச்சு, இனி யாரு வந்து கேக்கப் போறா? பேர்கூடப் போடலையே, ‘நோயாளி ஏ’ன்னுதானே இருக்கு?”

“நான் கேக்கறேன் சார். அந்த ‘ஏ’வும் என் இனிஷியல் ‘ஏ’வும் ஒண்ணுதான். ஆரோக்கியசாமி.”

அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஜட்ஜுங்க வர்ற நேரம்மா. இன்னிக்கு ஒருநாள் இப்படியே இருக்கட்டும். உன் டாக்டர் பட்டம் என் கையெழுத்துலதான் இருக்கு, யோசிச்சுக்கோ.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன். ஹாஸ்டல் ரூமைக் கிளம்பறப்பவே காலி பண்ணிட்டேன்.”

மோனிகா குண்டூசிகளைப் பிடுங்கி எக்ஸ்ரேயை எடுத்தாள். நடுவில் வெறுமையாய்ப் போன போஸ்டரை அவருக்கே விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.