இரண்டையும்

மேடையில் ஆடிய காலத்தில் மரகதவல்லி மார்புக்குள் வைத்துக்கொண்ட சிலிக்கோன் பைகள் இரண்டும் மகனுக்குக்கூடத் தெரியாத ரகசியம். அவள் உடம்பில் கிழடு தட்டாத உருப்படிகளும் அவை மட்டும்தான். மற்றபடி, கொட்டிய முடியில் ஊருக்கே சவுரி கட்டலாம்; முழங்கையை மடக்கினால் கேட்கும் சொடக்குக்குப் பக்கத்துத் தெரு நாய் குரைத்தது. எல்லாம் அந்தப் பைகளால் வந்த வினை, எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் கத்திக்குப் பயந்து நாளைக் கடத்தினாள்.

மரகதவல்லியின் அக்கா இறந்து, எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கப் போன மகன் ஓர் இரும்புத் துண்டோடு திரும்பினான். “பெரியம்மாவுக்கு ஆபரேஷன்ல வச்ச முட்டிம்மா! சாம்பல்ல பளபளன்னு கெடந்துச்சு” என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் காட்டினான். மரகதவல்லியின் கை தானாக மாராப்பை இழுத்து மூடியது.

அடுத்த வாரமே, பித்தப்பைக் கல் என்று அவனிடம் புளுகிவிட்டு ஆபரேஷன் மேசையில் படுத்தாள். அவள் நடுங்கியதில் மேசையே தடதடத்தது.

“டாக்டரம்மா, நடுவுல நான் போய்ச் சேந்துட்டா பாதியில விட்றாதீங்க. ரெண்டையும் எடுத்துட்டு அப்புறமா வெளியில சொல்லுங்க.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா.”

“ரெண்டையும்!” என்று இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினாள்.

மயக்க மருந்து ஏறியது. கண் செருகியது, தலை சாய்ந்தது. அந்த இரண்டு விரல்களை மட்டும் நர்ஸ் எவ்வளவோ மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை.