இருபத்துநாலாம் நாள் பாடம்

அப்பாவின் இடது கையைப் பிடித்து அவள் இழுத்ததும் நான் கத்திவிட்டேன்.

அவள் பயந்துபோய்க் கையை விட்டாள். கட்டிலின் ஓரம்வரை வந்திருந்த அப்பா மறுபடி தலையணையில் சரிந்தார். பக்கவாதம் வந்த பக்கம் அது. வலிக்கிறது என்று சொல்ல அவருக்குப் பேச்சும் இல்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் செருப்பை வெளியே விட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, அப்பாவிடம் போய்த் தான் யார் என்று பொறுமையாகச் சொன்னாள். அட, பரவாயில்லையே என்று நினைத்தேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுங்கள் என்றேன். அங்கேதான் வந்தது வினை.

வாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் இறங்கிவிடும். இடுப்பில் பட்டையைக் கட்டி, அவர் முழங்காலுக்கு நம் முழங்காலை முட்டுக்கொடுத்து எழுப்ப வேண்டும். ஒன்றுமே தெரியாத எனக்கே ஆஸ்பத்திரியில் இதைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இதுகூடத் தெரியாமல் எங்கேம்மா படித்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போது நல்ல கோபத்தில்தான் இருந்தேன்.

பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.

என் பயிற்சி நிலையம். வகுப்புகள் கீழே, நான் மாடியில். வகுப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை, அவளுக்கு என்னைத் தெரிய வழியே கிடையாது. கையெழுத்தும் கோழிக் கிறுக்கல், யார் பெயர் என்று எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

தேதியைப் பார்த்தேன். போன வருடம். 

அதற்கு முந்தைய வருடம்வரை அது முப்பது நாள் படிப்பு. இட வாடகை, கட்டில்களுக்கு வாடகை, நாள் கணக்கில் பயிற்சியாளருக்குச் சம்பளம் என்று மாதாமாதம் துண்டு விழுந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பாட அட்டவணையை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து இருபத்தொன்றாம் நாளுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். கட்டணத்தைத் தொடவில்லை. வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை நடந்த படிப்பு பதினேழு தடவை நடந்தது. ஆறே மாதத்தில் தலை நிமிர்ந்துவிட்டோம். நானல்லவா முதலாளி என்று எனக்கே ஒரு மிதப்பு.

கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கவில்லை. நாளைப் பார்த்து வெட்டினேனே தவிர, பாடத்தைப் பார்த்து வெட்டவில்லை.

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மிலிட்டரி. மூச்சு வாங்க மாடியேறி வந்து சண்டை போட்டார். நோயாளியைத் தூக்குகிற பாடம் இருபத்துநாலாம் நாள் வருகிறதாம். அடுத்தவர் உடம்பைத் தொடுகிற கூச்சமெல்லாம் போன பிறகுதான் அதைச் சொல்லிக் கொடுக்க முடியும், அதனால்தான் பின்னால் வைத்திருக்கிறாராம். அதற்கென்ன, கடைசி நாள் ஒரு வீடியோ போட்டுக் காட்டிவிடுங்கள் என்றேன். அடுத்த மாதமே அவர் நின்றுவிட்டார். பாதிச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைத்ததும், அதுவும் மிச்சம் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், பாவி.

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டிலில் இருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலையம் தொடங்க முதல் பணம் போட்டவர் அவர். சான்றிதழின் பச்சை ஓரத்தைத் தூரத்திலிருந்தே அவருக்கு அடையாளம் தெரியும். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். 

அவள் கெஞ்சவில்லை, வாதாடவும் இல்லை. இத்தோடு மூன்று வீடு ஆயிற்று, மூன்று வீட்டில் திருப்பி அனுப்பினால் ஏஜென்சியில் பெயரை அடித்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அப்பாவின் அருகில் போய், நகர்ந்துவிட்ட தலையணையை அந்தத் தோளுக்கு அடியில் சரியாக வைத்தாள்.

"தப்பு என் மேலதான் சார். அங்க வீடியோ போட்டுக் காமிச்சாங்க, எனக்குத்தான் மண்டையில ஏறல. கடன உடன வாங்கியாவது மறுபடி அங்கயே சேந்து படிச்சிட்டு வந்துடுறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. தப்பு உங்கள் மேல் இல்லையம்மா, உங்களுக்கு அந்தப் பாடத்தையே யாரும் நடத்தவில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும், அவள் பெயர் தப்பிக்கும். ஆனால் அது நாலு பேர் காதுக்குப் போனால் அடுத்த மாதம் யார் வந்து சேருவார்கள் என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

நல்லதும்மா என்றேன்.

வாசல்வரை கூடவே போனேன். அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். எங்கள் நிலையத்தில் பழைய மாணவிகள் திரும்பச் சேர்ந்தால் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள். அதையாவது சொல்லி அனுப்பலாம் என்று வாயைத் திறந்தேன்.

உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்டுவிடுவாளோ என்று, அதையும் சொல்லவில்லை.