கொதிக்க வைத்தால் போதுமா?

"இருவது நிமிசம் கொதிக்க வெச்சா சுத்தமாயிடுமா, நர்சம்மா?"

மெஹர் பானு இந்தக் கேள்வியை மூன்றாம் முறையாகக் கேட்டாள். எதையும் மூன்று முறை கேட்டுத் தெளிவது அவள் வழக்கம். செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை வாங்கச் சென்றாலும், மூட்டையின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என உடைத்துத் தின்று பார்த்த பிறகே அளக்கச் சொல்வாள். "பத்து நயாபைசாக் கடலைக்கு இத்தினி விசாரணையா!" என்று கடைக்காரர் ராஜகோபால் அலுத்துக்கொள்வார்.

நர்சு ரத்தினம்மாள் செஞ்சி மகப்பேற்று நிலையத்திற்கு மாற்றலாகி வந்து பத்து நாள்களே ஆகியிருந்தன. ஊரில் இன்னும் ஒருவரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாது. மேசைமீது துணியில் பொதிந்து வைக்கப்பட்டிருந்த பொருளை எடுத்துப் பிரித்தாள். தாய்ப்பாலை எடுப்பதற்கான கண்ணாடிப் பம்பு அது. ஒரு முனையில் புனல்போல் விரிந்த வாய். நடுவில் பால் தேங்கும் குமிழ். மறுமுனையில் அமுக்குவதற்கு ஒரு ரப்பர்ப் பந்து.

"பழசாம்மா இது?"

"ஒருத்தர் பொழங்குனது. இதை வாங்கிக்கலாமா, கூடாதா? அதைத்தான் கேக்க வந்தேன்."

"இப்ப இன்னாத்துக்கு இத்தினி அவசரம்?"

"திங்கக்கெழமைலேர்ந்து வேலைக்குப் போவணும். காலையில எட்டு மணிக்குப் போனா, வூடு வந்து சேர அஞ்சு மணியாவும். டப்பாப் பால் குடுத்துப் பாத்தாச்சும்மா. ஒரே வாந்தி, பேதி. ரெண்டு நாள்ல கொழந்தை துவண்டு போச்சு."

அவள் மடியில் உறங்கிக்கொண்டிருந்த ஆண் குழந்தையை ரத்தினம்மாள் பரிவுடன் நோக்கினாள்.

"கையால பீச்சிப் பாக்கறது?"

"அதுவும் பாத்தாச்சு. வெரல்தான் நோவுது. அரைச் சங்குகூட நெரம்ப மாட்டேங்குது."

"சரி, எடுத்து வெச்ச பாலைப் புகட்ட ஆளு இருக்குதா? மத்தியானத்துக்குள்ள குடுத்துடணும், கெட்டுப்பூடும்."

"ஆளுக்குக் கொறையில்லம்மா."

ரத்தினம்மாள் பந்தைக் கழற்றினாள்.

"கண்ணாடியைக் கொதிக்க வெச்சிடுவே. இந்த ரப்பரை இன்னா பண்ணுவே? அமுக்கி உட்டா, நுரையோட பால் உள்ள ஏறிடும். ஏறுனது அங்கேயே காஞ்சு ஒட்டிக்கும். உள்ள கைய உட்டுத் தேய்க்க முடியுமா? கொதிக்க வெச்சியோ, பிசுபிசுன்னு ஆயிடும். மோந்து பாரு."

மெஹர் பானு முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"ரப்பரை மட்டும் புதுசா மாத்திட்டா?"

"உட மாட்டியே! நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

சிரித்துக்கொண்டே ரத்தினம்மாள், ராஜகிரிக் கோட்டையைப் பார்த்திருந்த சன்னலருகே சென்று, கண்ணாடியை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். கழுத்துப் பகுதியில் தலைமயிர் அளவில் ஒரு விரிசல் பழுப்பேறித் தெரிந்தது.

"இந்தக் கீறலுக்குள்ள எந்தப் பிரஷ்ஷு போவும்? அது கெடக்கட்டும். இதைப் பொழங்குன பொம்பளைக்கு ஒடம்பு நல்லாத்தானே இருந்துது?"

மெஹர் பானு சற்றுத் தயங்கினாள்.

"மார்ல கட்டி வந்துதும்மா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில கீறி எடுத்தாங்க. அந்தச் சமயத்துலதான் இந்தப் பம்பையே வாங்குனது. அப்புறம் பாலே வத்திப் போச்சு. பம்பு சும்மாக் கெடக்குது."

ரத்தினம்மாள் பம்பைச் சட்டெனக் கீழே வைத்தாள். மூலையிலிருந்த வாளியில் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினாள்.

"சீழ் பட்ட சாமானையா பச்சைக் கொழந்தைக்குக் குடுக்கறது? அவளுக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"நல்ல மனசோடதாம்மா குடுக்க நெனச்சா."

"நல்ல மனசுல கிருமி சாவுமா? டப்பாப் பாலுக்கே துவண்டு போன கொழந்தைன்னு நீயே சொல்றே. அதுக்கு ஒண்ணு ஆயிட்டா அவளா வந்து பதில் சொல்லப் போறா?"

"அப்ப, வேணவே வேணாமா?"

"வேணாம். உனக்கு மூணு தரம் சொன்னாத்தான் ஏறும்போல இருக்குது. வேணாம், வேணாம்!"

மெஹர் பானுவின் முகத்தில் ஏமாற்றம் தோன்றவில்லை. இடறி விழவிருந்தவளை எவரோ பற்றி நிறுத்தியதைப் போன்ற நிம்மதியே தோன்றியது.

"அல்லா உங்களை நல்லா வெக்கணும்மா. நல்லவேளை, உங்ககிட்ட வந்து கேட்டேன்."

"நீ கேட்டுட்டே. கேக்காதவங்க தலையில கட்டிட்டாள்னா?" ரத்தினம்மாள் குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். "அந்தப் பொம்பள பேரைச் சொல்லு. நானே போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"மெஹர் பானு."

"எந்தத் தெரு?"

"தெருவுக்கெல்லாம் போவ வேணாம்மா. அது நான்தான்."

பேனா நின்றது.

"என்னுதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, என் மனசு நோவக்கூடாதுன்னு பாதிதான் சொல்லியிருப்பீங்க" என்றாள் மெஹர் பானு.

"அப்ப வேலைக்குப் போறது?"

"எங்க பக்கத்து வூட்டு அமிர்தவல்லி டீச்சர். டப்பாப் பால் ஒத்துக்காதது அவங்க பொண்ணுக்குத்தான். நான் கட்டியோட கெடந்த நாப்பது நாளும், தன் பொண்ணுக்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம்னு பால் குடுத்து இவனைப் பொழைக்க வெச்சாங்க. எங்க வழக்கத்துல அந்தப் பொண்ணு இவனுக்குக் கூடப் பொறந்த தங்கச்சி."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்த மெஹர் பானு, பம்பைத் துணியோடு எடுத்துக் குப்பைக் கூடையில் இட்டாள்.

"நாளைக்குப் பாண்டிச்சேரிக்குப் போயி, டீச்சருக்குப் புதுசா ஒண்ணு வாங்கியாந்து குடுத்துடறேன்."