வெளியே விடும்போது எடுத்த படம்

2019 பிப்ரவரி 11, திங்கட்கிழமை காலை, ஓஹையோ மாநிலத்தின் வெல்டன் கவுண்டி சிறையிலிருந்து இருபத்திரண்டு வயது ட்ரெவர் குட்ரிச் விடுவிக்கப்பட்டான். மதுவிடுதிக் கைகலப்பு ஒன்றுக்காக வாரக்கடைசியை உள்ளே கழித்திருந்தான். அவன் வீடு வந்து சேரவில்லை.

புதன்கிழமை அவனுடைய அம்மா டார்லீன், அந்தச் சிறையை நடத்தும் ஷெரிப் அலுவலகத்தின் பதிவுப் பிரிவுக்குப் போனார். விடுதலைப் பதிவுகளை அங்கே யார் கேட்டாலும் காட்டுவார்கள். ஆள் மாறிப் போய்விடக் கூடாதென்று, வெளியே விடும்போதும் ஒரு படம் எடுத்து, கைரேகையை ஒப்பிடுவது அவர்கள் வழக்கம்.

எழுத்தர் யோலாண்டா திரையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே வந்தபோது எடுத்த படத்தில் ட்ரெவர் இருந்தான். வெளியே விடும்போது எடுத்த படத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க கிழவர் ஒருவர் இருந்தார்.

"யாரோ கிழவன் படத்தப் போட்டு வெச்சிருக்கீங்க. நல்லா வேலை பாக்குறீங்க, போங்க!"

"கைரேகை ஒத்துப்போகுதும்மா, பத்து விரலும். ரெண்டு படத்துலயும் அந்தப் புருவத் தழும்பப் பாருங்க."

டார்லீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போக நீங்க வரலையா?" என்று யோலாண்டா கேட்டார்.

"வந்தேனே. வாசல்லயே கார்ல உக்காந்திருந்தேன். ஒரு கிழவர்தான் வெளிய வந்தாரு. கார் கதவத் திறக்கப் பாத்தாரு. குடிகாரன்னு நெனச்சு உள்பக்கம் பூட்டிட்டேன். கண்ணாடியத் தட்டி என்னமோ சொன்னாரு. நான் ரேடியோவ சத்தமா வெச்சுட்டேன்."

காணாமல்போனவர் அறிவிப்பில் இரண்டு படங்களையும் சேர்த்தே அச்சிட்டார்கள். இதுவரை யாரும் தகவல் தரவில்லை.