கூடைக்குள் மணிப்பூ இலை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் கெர்லிண்டாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லாமல் தப்பிக்கவும் வழியில்லை. அவள் கை இன்னும் தோழி வால்புர்காவின் கூடைக்குள்தான் இருந்தது.

"பார்த்துட்டேன்! இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டேன்!" ரொட்டிக்கடை ரேஸி இடுப்பில் கை வைத்து நின்றாள். "காடு பூரா முளைச்சுக் கிடக்கு. குனிஞ்சு பறிக்க உனக்கு இடுப்பு வளையலையா? பார்வை இல்லாதவ கூடையிலதான் கை வைக்கணுமா?"

ஏப்ரல் பிறந்தால் ஊரே கூடையோடு இந்தக் காட்டுக்கு வந்துவிடும். மரத்தடியெல்லாம் கரடிப்பூண்டு, பூண்டு மணக்கும் காட்டுக் கீரை. இலையை அரைத்து வெண்ணெயோடு ரொட்டியில் தடவலாம், சூப்பில் போடலாம். பனி விலகாத காலையில், தளிர்களின் வழியே வெளிச்சம் பச்சையாகக் கசிந்து, பூண்டு வாசனை புகைபோல மிதந்தது. தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது கெர்லிண்டாவுக்கு. ரேஸியின் குரல்தான் உலுக்கி எழுப்பியது.

விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த வால்புர்கா, குரல் வந்த பக்கம் திரும்பினாள். சர்க்கரை வியாதி அவள் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது.

"என்னடி கெர்லிண்டா, ரேஸி என்ன சொல்றா?"

என்ன சொல்வது?

கரடிப்பூண்டுக்கு நடுவிலேயே மணிப்பூச் செடியும் வளர்கிறது. பூக்கும்வரை அதே பச்சை, அதே அகலம். ஆனால் விஷம். தின்றால் இதயத்தில் கை வைத்துவிடும். 'மோந்து பார்த்தாலே தெரியுமே' என்பாள் வால்புர்கா. எங்கே தெரியும்? பத்து இலை பறித்துவிட்டால் விரலெல்லாம் பூண்டு நாற்றம். அப்புறம் புல்லை மோந்தாலும் பூண்டுதான்.

ஒவ்வொரு தடவையும் வால்புர்காவின் கூடையில் இரண்டு மணிப்பூ இலையாவது கிடக்கும். ஒவ்வொரு தடவையும் கெர்லிண்டா சத்தமில்லாமல் பொறுக்கி எறிவாள். 'உனக்குக் கண் தெரியவில்லை' என்று போன வருஷம் சொன்ன நாத்தனாரோடு வால்புர்கா இன்றுவரை பேசுவதில்லை. தன்னோடும் பேசாமல் போய்விட்டால்?

கணவர் லோரென்ஸ் தெருவில் விழுந்து செத்ததிலிருந்து கெர்லிண்டாவுக்கு வாசற்படி தாண்டவே பயம். அந்தக் கதவைத் தட்டி அவளை வெளியே கூட்டிவர இருந்த ஒரே ஆள் வால்புர்காதான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்!" என்றாள் ரேஸி.

"திருடல... வந்து... வால்புர்கா, கோவிச்சுக்காதே. ரெண்டு இலைக்கும் வித்தியாசம் இருக்கு. கரடிப்பூண்டு இருக்கே... அது ஒரே தண்டுல ரெண்டு ரெண்டு இலையா வரும். அடிப்பக்கம் பளபளன்னு இருக்கும். மணிப்பூ அப்படி இல்ல. ஒவ்வொரு இலையும் தனித்தனிக் காம்பு..."

"அடிப்பாவி!" வால்புர்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்படியே தலைகீழா சொல்றியேடி! உன் பேச்சைக் கேட்டு சமைச்சா ஊர்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டோம்."

"ஐயையோ, மாத்திச் சொல்லிட்டேனா?"

"ஜோடி ஜோடியா ஒரே தண்டுல வர்றது மணிப்பூ. அதோட அடிப்பக்கம்தான் பளபளப்பு, வழவழன்னு இருக்கும். இலையும் விறைப்பு. பூண்டு இலை ஒவ்வொண்ணும் தனிக் காம்புல நிக்கும், துணி மாதிரி துவளும். நடு நரம்பை மடக்கினா டக்குனு ஒடியும். இதுக்குக் கண் எதுக்கு? விரல் போதும். இந்தா."

கூடைக்குள் கையை விட்டுத் துழாவி, நூறு இலைகளுக்கு நடுவிலிருந்து இரண்டே இரண்டை உருவி நீட்டினாள். இரண்டும் மணிப்பூ இலை. கெர்லிண்டா தேடிக்கொண்டிருந்தவை.

ரேஸியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "இவ்வளவு தெரிஞ்சவ, அதை எதுக்குக் கூடையில போட்டே?"

"உன் கடையில ரொட்டி கருகுது ரேஸி. இங்க வரைக்கும் வாசனை வருது. ஓடு."

முணுமுணுத்துக்கொண்டே ரேஸி போனாள். பனி அவளை விழுங்கியது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லு வால்புர்கா. எதுக்குப் போட்டே?"

வால்புர்கா இலைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"லோரென்ஸ் தவறின வருஷம், ஞாபகம் இருக்கா? வெளிய வா, காத்தாட நடப்போம்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். கதவைத் திறந்தியா? ஒரு நாள் நான் பறிச்சதுல தெரியாம ஒரு மணிப்பூ இலை வந்துடுச்சு. கூடையோட உன் வீட்டைத் தாண்டிப் போனப்ப, ஜன்னல் வழியா அதைப் பார்த்துட்டு, செருப்புகூட போடாம தெருவுக்கு ஓடி வந்தே."

கெர்லிண்டா கூடைக்குப் பக்கத்தில், அதே மரத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"உனக்காகன்னா நீ வெளிய வர மாட்டே. எனக்காகன்னா வருவேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. பயப்படாதே. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு இலையா தடவிப் பார்த்துட்டுத்தான் சமைப்பேன். என்னைக்குமே நீ ஒண்ணுகூட விட்டு வெச்சதில்ல."

அடுத்த வாரம் வால்புர்கா காலணி மாட்டுவதற்குள் கதவு தட்டப்பட்டது. கெர்லிண்டா இரண்டு கூடைகளோடு வாசலில் நின்றாள்.

காட்டில் அன்றும் வால்புர்காவின் கூடையில் மணிப்பூ இலை இரண்டு கிடந்தன. கெர்லிண்டா எதுவும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, வழக்கம்போல, சத்தமில்லாமல் அவற்றைப் பொறுக்கி எறிந்தாள்.