தாஹா காரின் ஆட்டம்

காருக்கு அடியிலிருந்து தாஹா வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் பல்.

இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மூன்றையும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிட்டான். அக்காள்மடத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவனுக்குக் கார் என்ன பெரிய கொம்பா? ஜாக்கிமேல் பலகை வைத்து இன்ஜினை முட்டுக்கொடுத்து நிறுத்தினான். கிழிந்துபோன பழசைக் கழற்றி எறிந்து, புதுசை மாட்டி முறுக்கினான்.

அந்தக் கார் ஆடிய ஆட்டம் அப்படி. ஸ்டார்ட் செய்தால் உள்ளே பேசுகிறவர்களின் குரலே நடுங்கும்.

அதில் ஏறவே மாட்டேன் என்று சூஃபியா சொல்லிவிட்டாள். ஆறாம் மாதம் பிறந்தும் வயிற்றில் பிள்ளை அசைந்த பாடில்லை. அந்தப் பயத்தில் அவளுக்குத் தூக்கமே இல்லை. இதில் காரின் குலுக்கல் வேறா? நாளைக்கு ராமநாதபுரத்தில் ஸ்கேன். பஸ்ஸில் போய்க்கொள்கிறாளாம்.

வாசலில் காரை வைத்துக்கொண்டு பொண்டாட்டியைப் பஸ்ஸில் அனுப்புவதா? தாஹாவுக்கு மானமே போய்விடும்.

"தம்ளர்ல தண்ணி எடுத்துக்கிட்டு வந்து உக்காரு புள்ள. ஒரு சொட்டு அலுங்குச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து, சீட்டைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்தாள்.

பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருகினான்.

அடடா, என்ன சுகம்! இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. ஸ்டியரிங்கைத் தடவினான். டேஷ்போர்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். ஓர் அதிர்வு இல்லை. தாஹா உட்கார்ந்த இடத்திலேயே குதித்தான்.

"மச்சான், ஆடுது."

"எங்கன ஆடுது?"

தண்ணீர் தளும்பிக்கொண்டுதான் இருந்தது. தாஹாவுக்கு உயிரே போயிற்று. எந்த போல்ட்டில் கோட்டை விட்டோம்? சட்டென்று இன்ஜினை அணைத்தான். சாவியையும் உருவிவிட்டான்.

வண்டி செத்துக் கிடந்தது. காற்றுகூட இல்லை.

தண்ணீர் துள்ளி, ஒரு வாய் அவள் சேலையில் கொட்டியது.

தாஹா அப்போதுதான் தம்ளரின் அடியைப் பார்த்தான்.

அதை அவள் வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

"யா அல்லாஹ்!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தாஹா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.