கரண்டு ரிக்‌ஷா

காஜா பேராங் ஊரில் கலியாணசுந்தரத்தின் சைக்கிள் ரிக்‌ஷாவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். இருக்கைக்கு அடியில் பழைய லாரி பேட்டரியும் ஒரு மோட்டாரும் பூட்டியிருந்தான். ராத்திரி வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிவிடுவான். சமதரையில் மெல்ல மிதித்தால் போதும். மேடு வந்தால் மோட்டார் இழுத்துவிடும்.

தன் கார் பழுதாகிப் பட்டறையில் கிடந்ததால், மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் விருந்துக்குப் புறப்பட்ட ஏகாம்பரம் அன்று அதில் ஏறினார். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் கலியாணசுந்தரம் சுவிட்சைப் போட்டான். அடியில் ஏதோ உறுமியது.

"என்னப்பா அது?"

"மோட்டாருங்கய்யா. நானே பூட்டினது."

"கரண்டு மேலயா என்னை உக்கார வச்சிருக்க? வெடிச்சா என் உசிருக்கு யாரு பொறுப்பு? நிறுத்திட்டு மிதி!"

நிறுத்தினான். மிதித்தான். பாதி ஏற்றத்தில் பிரேக்கைப் பிடித்து, மறுகையால் நெஞ்சை அழுத்திக்கொண்டான்.

"ஐயா, இந்த மேடு மட்டும் மோட்டாரைப் போட்டுக்கிறேனே..."

"மெர்டேக்கா வந்ததும் மிதிக்க வலிக்குதோ? மேட்டுல மிதிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதாங்க, டாக்டர். போன மாசம் நெஞ்சுல குழாய் வச்சுப் பார்த்துட்டு, இனிமே மேட்டுல மிதிச்சா உசிரு போயிடும்னு சொன்னீங்க. அதுக்குத்தான் இந்த மோட்டாரே."

டாக்டர் ஏகாம்பரம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது ஆஸ்பத்திரியில சொன்னது. இப்ப மிதி, விருந்துக்கு நேரமாச்சு."